மாற்று வரலாறு எழுதுவது எப்படி: 1942 ஏப்ரல் 5, கொழும்பின் வான்காப்பை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

1942 ஏப்ரல் 5 காலை ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின, ரேடார் எச்சரிக்கவில்லை. அந்த நாளில் ஒன்றை மாற்றி, அப்புறம் என்ன ஆகியிருக்கும் என்று எழுதுவதுதான் இங்கே மாற்று வரலாறு. "ரேடார் மட்டும் வேலை செய்திருந்தால்?" என்ற ஒரே கேள்வியோடுதான் பலரும் இதை ஆரம்பிக்கிறார்கள். கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அடுத்த பக்கத்திலேயே ஐந்து ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களும் மூழ்கிவிடுகின்றன, அதற்கடுத்த பக்கத்தில் சிங்கப்பூர் மீட்கப்படுகிறது. இப்படி வந்த நாலைந்து வரைவுகளை எழுதியவர்களோடு உட்கார்ந்து திருத்தியிருக்கிறேன். ஜப்பானியத் தாக்குதலை எதிர்கொண்ட கொழும்பின் போர் விமானங்களை வைத்து நானே ஒரு மாற்று வரலாற்றை முழுதாக எழுதி முடித்தும் பார்த்தேன். எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான்: எண்ணிக்கையை மாற்றுகிறார்கள், நிமிடங்களைத் தொடுவதில்லை. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் விடையை எடுத்துத்தான் நடக்கிறது.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

இலங்கையும் அதன் தெற்குக் கடலும் தெரியும் வரைபடம், அளவுகோல், கட்டம் போட்ட நோட்டு அல்லது எக்செல் ஷீட். இரு தரப்பு விமானங்களுக்கும் மூன்று எண்கள் வேண்டும்: சாதாரணமாகப் பறக்கும் வேகம், குறிப்பிட்ட உயரத்துக்கு ஏற ஆகும் நேரம், எரிபொருள் தாங்கும் நேரம். உச்ச வேகத்தை ஓரமாக வையுங்கள், எல்லோரும் முதலில் தேடுவது அதைத்தான், கடைசியில் மிகக் குறைவாகப் பயன்படுவதும் அதுதான்.

அப்புறம் கடிகாரம். ஜப்பானியக் கடற்படை எந்தக் கடலில் இருந்தாலும் டோக்கியோ நேரத்தையே பதிவு செய்தது. இலங்கையோ 1942 ஜனவரியில் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியிருந்தது. அதனால் அந்த ஏப்ரலில் இரண்டுக்கும் வித்தியாசம் மூன்று மணி நேரம். இன்றைய கணக்கில் மூன்றரை என்று போட்டால் குண்டு விழுந்த பிறகு ரேடார் பார்த்ததாக ஆகிவிடும், அப்படி ஒரு வரைவை நானே பார்த்தேன். எல்லா நேரத்தையும் முதல் நாளே கொழும்பு நேரத்துக்கு மாற்றி ஒரே பத்தியில் (நெடுவரிசையில்) எழுதிவிடுங்கள்.

2. நடந்ததை முதலில் எழுதுங்கள், மாற்றத்தை நினைக்கவே வேண்டாம்

இந்தப் படியைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் எது நடந்தது என்று தெரியாமல் எது மாறும் என்று சொல்ல முடியாது.

ஏப்ரல் 4 மாலை, கொக்கலையிலிருந்து கிளம்பிய ஒரு கேட்டலினா கடல் விமானம் இலங்கையின் தென்கிழக்கே ஜப்பானியக் கப்பற்படையைப் பார்த்தது. அதை ஓட்டிய கனடிய விமானி லெனார்ட் பிர்ச்சல் சுட்டு வீழ்த்தப்படுவதற்குள் செய்தி அனுப்பிவிட்டார். ஆக, கொழும்புக்கு எதிரி வருவது முந்தைய நாளே தெரியும். துறைமுகத்திலிருந்து கிளம்பக்கூடிய கப்பல்கள் வெளியேற்றப்பட்டன. போர் விமானிகள் விடிவதற்கு முன்பிருந்தே தயார் நிலையில் இருந்தார்கள்.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. காலை ஆறு மணி வாக்கில் அகாகி, ஹிர்யூ, சோர்யூ, ஷோகாகு, ஸுய்காகு ஆகிய ஐந்து கப்பல்களிலிருந்து ஃபுசிடா தலைமையில் 127 விமானங்கள் எழும்பின: மட்டமாகப் பறந்து குண்டு போடும் 53 விமானங்கள், செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் 38 டைவ் பாம்பர்கள், 36 ஸீரோ போர் விமானங்கள். எட்டு மணிக்குச் சற்று முன்பு கொழும்பு மேல் வந்துவிட்டன. ரேடாரிலிருந்து எச்சரிக்கை வரவில்லை. ரத்மலானையில் இருந்த 30ஆம் ஸ்குவாட்ரனின் (விமான அணியின்) ஹரிக்கேன் போர் விமானங்கள் எதிரி தலைக்கு மேல் நிற்கும்போதுதான் ஓடுபாதையில் ஓடின. நகரத்துக்குள் குதிரைப் பந்தயத் திடலில் அமைத்த ஓடுபாதையை ஜப்பானியர் அறிந்திருக்கவில்லை, அதனால் அங்கிருந்த 258ஆம் ஸ்குவாட்ரனின் 14 ஹரிக்கேன்கள் தொந்தரவில்லாமல் கிளம்பின. ஆனால் உயரம் பிடிக்க அவற்றுக்கும் நேரமில்லை. இதற்கு நடுவில், திருகோணமலைப் பக்கமிருந்து டார்பிடோவோடு வந்துகொண்டிருந்த ஆறு பிரிட்டிஷ் சுவோர்ட்ஃபிஷ் விமானங்கள் ஸீரோக்களிடம் மாட்டி ஆறும் வீழ்ந்தன.

முடிவில் பிரிட்டிஷ் தரப்பில் 20க்கும் மேற்பட்ட விமானங்கள் போயின. ஜப்பானியர் இழந்தது 7.

3. வீழ்த்தியதாகச் சொன்னதையும் இழந்ததையும் தனிப் பத்தியில் போடுங்கள்

சின்ன படி, ஆனால் விட்டுவிட்டால் கணக்கு முழுதும் கோணலாகிவிடும். அன்று பிரிட்டிஷ் தரப்பு வீழ்த்தியதாக நம்பியது 20 பக்கம். பொய் சொன்னார்கள் என்று அர்த்தமில்லை. ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டிருப்பார்கள், புகை விட்டபடி போன ஒன்று கப்பல் போய்ச் சேர்ந்திருக்கும். எந்தப் போரிலும் எந்த விமானப்படையும் இதற்கு விலக்கல்ல. ஒரு தரப்பின் இழப்பை அந்தத் தரப்பின் பதிவிலிருந்து மட்டும் எடுங்கள். இதைச் செய்யாதவர்கள் மாற்றத்துக்கு முன்பே கொழும்பை ஜெயிக்க வைத்துவிட்டு, அதன் மேல் இன்னொரு வெற்றியை அடுக்குகிறார்கள்.

4. எது உடைந்தது என்று பாருங்கள்

இப்போது உங்கள் நேரப் பத்தியைப் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த இடத்தில் சங்கிலி அறுந்தது?

விமானம் போதவில்லை என்பது முதலில் தோன்றும் பதில். ஆனால் இரண்டு ஸ்குவாட்ரனும் சேர்ந்து 36 ஹரிக்கேன்கள், கூடவே கடற்படையின் ஆறு ஃபுல்மர் போர் விமானங்கள். எதிரே 36 ஸீரோ. எண்ணிக்கையில் படுமோசம் இல்லை. விமானம் தரம் குறைவு என்பது அடுத்த பதில். உயரத்தில் ஹரிக்கேன் ஸீரோவை விட வேகம் குறைந்ததல்ல, இரண்டாம் வகை ஹரிக்கேனில் துப்பாக்கியும் அதிகம். வேகம் குறைந்து வட்டமடிக்கும் சண்டையில்தான் ஸீரோ அதைத் தின்றுவிடும். மேலிருந்து பாய்ந்து, சுட்டுவிட்டு, நிற்காமல் கீழே போய்விட்டால் ஹரிக்கேனுக்கு வாய்ப்பு உண்டு. ஆனால் மேலிருந்து பாய, முதலில் மேலே இருக்க வேண்டுமே.

ஆக அறுந்தது எச்சரிக்கை. 1940இல் இங்கிலாந்தைக் காத்தது அதன் போர் விமானப் பிரிவுத் தலைவர் டௌடிங் கட்டியமைத்த முறை: கடலோர ரேடார், கண்ணால் பார்த்துச் சொல்லும் பார்வையாளர்கள், வந்த தகவல்களை வடிகட்டும் அறை, அங்கிருந்து ஒவ்வொரு பகுதித் தளத்துக்கும் தொலைபேசி. கொழும்பில் ரேடார் கருவி வந்து சில வாரங்கள்தான். அதைச் சுற்றி இருக்க வேண்டிய ஆட்களும் கம்பிகளும் பழக்கமும் இன்னும் ஊறவில்லை. முந்தைய நாளே எதிரி வருவது தெரிந்திருந்தும் கடைசி அரை மணி நேரம் குருடாகப் போனது அதனால்தான். உங்கள் மாற்று வரலாறு இந்த அரை மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும்.

5. ஒரே ஒரு மாற்றம்

ஒன்றே ஒன்று. இரண்டு மாற்றினால் எது எதனால் விளைந்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

புதியவர்கள் எடுக்கும் மாற்றங்கள் பெரும்பாலும் மூன்று. முதலாவது, கொழும்பில் ஹரிக்கேனை விடப் புதிய ஸ்பிட்ஃபயர் போர் விமானம் இருந்திருந்தால் என்பது. இது நடக்காது. பிரிட்டனுக்கு வெளியே போர் விமானமாக ஸ்பிட்ஃபயர் முதலில் போனதே 1942 மார்ச் 7இல், மால்டாவுக்கு. ஒரு மாதத்தில் இலங்கைக்கு வரவழைக்க நீங்கள் மால்டாவின் கதையையும் மாற்றி எழுத வேண்டும். வந்தாலும் என்ன? 1943 மே 2இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் மேல் பத்துக்கு மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்கள் ஒரே நாளில் போயின, அவற்றில் பல எரிபொருள் தீர்ந்தும் இயந்திரம் கெட்டும் விழுந்தவை.

இரண்டாவது கொஞ்சம் படித்தவர்கள் எடுப்பது. ஜனவரி கடைசியில் இன்டாமிடபிள் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் கிட்டத்தட்ட 50 ஹரிக்கேன்களை ஜாவா பக்கம் கொண்டுபோய் விட்டது. அவை இலங்கைக்கு வந்திருந்தால்? நல்ல யோசனை, நாவலுக்கு ஏற்றது. ஆனால் கொழும்பின் 258ஆம் ஸ்குவாட்ரன் மறுபடி உருவானபோது சிங்கப்பூர், ஜாவா சண்டைகளிலிருந்து மீண்டு வந்தவர்களும் அதில் இருந்தார்கள். ஸீரோவை நேரில் பார்த்தவர்களும் அவர்கள்தான். ஜாவாவை அழித்தால் அந்த அனுபவமும் அழிந்துவிடும். ஜனவரியில் தொடங்கினால் ஏப்ரலுக்குள் நூறு விஷயம் மாறும், முதல் முயற்சிக்கு இது வேண்டாம்.

மூன்றாவது, நான் எடுத்தது: அன்று காலை ரேடார் பார்க்கிறது, பார்த்ததைச் சொல்கிறது. ஆள், விமானம், ஓடுபாதை எதுவும் மாறவில்லை. மாற்றம் எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்கு வாசகர் உங்களை நம்புவார்.

6. நிமிடக் கணக்கு

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள்.

குண்டு சுமந்து கூட்டமாக வரும் விமானங்கள் மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் வருவதாக வைத்துக்கொள்வோம், அதாவது நிமிடத்துக்கு நாலரை கிலோமீட்டர். ரேடார் 100 கிலோமீட்டரில் பார்த்தால் கைக்கு வருவது 22 நிமிடம். அதிலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள். ரேடாரில் தெரிந்தது நண்பனா எதிரியா என்று முடிவு செய்து, தொலைபேசியில் சொல்லி, தளத்துக்குப் போய்ச் சேர 4 நிமிடம். விமானிகள் ஓடி, இயந்திரம் கிளப்பி, முழு ஸ்குவாட்ரனும் தரையை விட 4 நிமிடம். ஒன்றாகக் கூடி 15,000 அடி ஏற 8 நிமிடம். மொத்தம் 16. மிச்சம் 6 நிமிடம், அதாவது எதிரி நகரத்துக்கு 27 கிலோமீட்டர் முன்னால், ஹரிக்கேன்கள் உயரத்தில். அருமை.

இப்போது அதே ரேடார் 60 கிலோமீட்டரில்தான் பார்த்தது என்று வையுங்கள். 13 நிமிடம். சொல்லவும் கிளம்பவும் 8 போனால் ஏறுவதற்கு 5 நிமிடம்தான். எதிரி நகரத்தின் மேல் வரும்போது ஹரிக்கேன்கள் பத்தாயிரம் அடியை முக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும், இயந்திரம் முழு மூச்சில், வேகம் குறைவு, மேலே ஸீரோ. கொல்லப்படுவதற்கு இதைவிடத் தோதான நிலை கிடையாது. நாற்பது கிலோமீட்டர் வித்தியாசம் முழுச் சண்டையையும் தலைகீழாக்கிவிடுகிறது.

இந்த எண்களில் சிலது என் அனுமானம்தான். அனுமானம் போடுவது தவறில்லை, அதை மறைப்பதுதான் தவறு. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் "பதிவில் உள்ளது" அல்லது "என் கணிப்பு" என்று குறித்து வையுங்கள். நான் 80 கிலோமீட்டர் எடுத்தேன், கிட்டத்தட்ட 18 நிமிடம், உயரம் பிடிக்கச் சரியாகப் போதும், மிச்சம் அதிகமில்லை. ரொம்ப வசதியான எண்ணை எடுத்தால் பின்னால் எல்லாமே வசதியாக வந்துவிடும்.

7. மாற்றம் இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்

சண்டையைக் கணக்கிட ஏதோ ஒரு முறை வைத்திருப்பீர்கள்: பகடை, சதவீதம், அல்லது நிதானமாக யோசித்து எழுதுவது. எதுவானாலும் முதலில் எச்சரிக்கை இல்லாத உண்மையான ஏப்ரல் 5ஐ அதில் ஓட்டுங்கள். ஜப்பானிய இழப்பு ஏழு பக்கம் வர வேண்டும். பதினைந்து வந்தால் உங்கள் முறை ஹரிக்கேனுக்குச் சலுகை காட்டுகிறது, திருத்துங்கள்.

இன்னொரு சோதனையும் வரலாற்றிலேயே கிடைக்கிறது. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9இல், அதே கப்பற்படை திருகோணமலையைத் தாக்கியது. அங்கே ரேடார் முன்கூட்டியே பார்த்தது, 261ஆம் ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன்கள் வானில் ஏறிக் காத்திருந்தன. ஆனாலும் எட்டு ஹரிக்கேன்கள் வீழ்ந்தன, துறைமுகமும் சீனக்குடா விமானத் தளமும் அடி வாங்கின, ஜப்பானியர் இழந்தது சில விமானங்கள்தான். அங்கே கிளம்பிய ஹரிக்கேன்கள் கொழும்பில் இருந்ததில் பாதிகூட இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எச்சரிக்கை கிடைத்தாலே வெற்றி என்று நினைக்கும் ஒவ்வொருவரையும் இந்த நாள் தடுத்து நிறுத்த வேண்டும். என்னை நிறுத்தியது. என் முதல் வரைவில் இருந்த 35 ஜப்பானிய இழப்பைத் திருகோணமலையைப் படித்த பிறகு வெட்டிவிட்டேன்.

8. இப்போது மாற்றத்தோடு ஓட்டுங்கள்

ஒரே முடிவு எழுதாதீர்கள். மோசமான நாள், சாதாரண நாள், நல்ல நாள் என்று மூன்று எழுதி, நடுவில் உள்ளதைக் கதைக்கு எடுங்கள். நல்ல நாளை எடுக்கத்தான் கை போகும்.

எனக்கு வந்த நடு முடிவு: ஹரிக்கேன்கள் உயரத்திலிருந்து டைவ் பாம்பர்கள் மேல் ஒரு பாய்ச்சல் பாய்கின்றன. அந்த முதல் பாய்ச்சலில் கிடைப்பதுதான் பெரும் லாபம், அப்புறம் ஸீரோக்கள் இறங்கிவிடும், சண்டை வழக்கமான கலவரமாகிவிடும். ஜப்பானிய இழப்பு 12 முதல் 18. பிரிட்டிஷ் இழப்பு 15 பக்கம். கொழும்பு அப்போதும் அடி வாங்குகிறது. துறைமுகம் முன்பே பெரும்பாலும் காலி என்பதால் கப்பல் கணக்கில் பெரிதாக எதுவும் மாறாது.

இங்கே பலர் மறப்பது அந்த ஆறு சுவோர்ட்ஃபிஷ்களை. ரேடார் எச்சரித்தால் அவற்றைத் திருப்பி அனுப்ப முடியுமா? வானொலித் தொடர்பு எப்படி இருந்தது? முடியும் என்று எழுதினால் அது இரண்டாவது மாற்றமாகிவிடும். நான் அவற்றை அப்படியே விட்டேன். எழுதும்போது மனது கேட்கவில்லை, ஆனாலும் விட்டேன்.

9. எதிரியும் யோசிப்பான்

இந்தப் படிதான் வரைவுகளில் பெரும்பாலும் காணாமலே போகிறது. உங்கள் தரப்பு மாறிவிட்டது, எதிரி மட்டும் பழைய வரலாற்றைப் படித்துவிட்டு வந்தவன் போல அதையே செய்துகொண்டிருக்கிறான்.

உண்மையில் அன்று அகாகி, ஹிர்யூ, சோர்யூவின் 53 டைவ் பாம்பர்களை ஜப்பானியக் கப்பற்படைத் தளபதி நகுமோ கையிருப்பில் வைத்திருந்தார். கொழும்பை இன்னொரு முறை தாக்க வேண்டும் என்று ஃபுசிடா கேட்டதும் அவற்றில் தரைத் தாக்குதலுக்கான குண்டுகளை மாற்றச் சொன்னார். அந்த வேலை நடக்கும்போதுதான் டோர்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு பிரிட்டிஷ் குரூசர் போர்க்கப்பல்களைத் தேடல் விமானம் பார்த்தது. 53ம் அங்கே போயின, இரண்டு கப்பல்களும் பிற்பகலில் மூழ்கின.

உங்கள் கதையில் ஃபுசிடா பலத்த எதிர்ப்பைப் பார்த்துவிட்டார். அவசரப்பட்டு இரண்டாம் அலையைச் சீக்கிரம் அனுப்பச் சொல்வாரா? சொன்னால் குரூசர்கள் ஒருவேளை தப்பும், ஆனால் இரண்டாம் அலை கொழும்புக்கு வரும்போது ஹரிக்கேன்கள் தரையில் எரிபொருள் நிரப்பிக்கொண்டிருக்கும், குதிரைப் பந்தயத் திடலும் இப்போது ரகசியமில்லை. அல்லது இழப்பைப் பார்த்து நகுமோ பின்வாங்குவாரா? இரண்டில் எதை எடுத்தாலும் காரணத்தை எழுதுங்கள். நான் முதலாவதை எடுத்தேன். காலையின் வெற்றி மத்தியானத்தில் விலை கேட்கும் என்பது எனக்கு நியாயமாகப் பட்டது.

10. விளைவை எங்கே நிறுத்துவது

கொழும்புக்கு மேல் வந்த 38 டைவ் பாம்பர்களும் ஷோகாகு, ஸுய்காகு என்ற இரண்டு கப்பல்களின் விமானங்கள். அந்த இரண்டு கப்பல்கள்தான் ஒரே மாதம் கழித்து, மே தொடக்கத்தில், பவளக் கடலில் அமெரிக்கரோடு மோதின. நடுவில் புதிய விமானிகளைப் பழக்க நேரம் குறைவு. ஆக கொழும்பில் கூடுதலாக வீழ்ந்த ஒவ்வொரு டைவ் பாம்பரும் பவளக் கடலில் யார்க்டவுன், லெக்சிங்டன் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்கள் மேல் பாயாமல் போகும் விமானம். இந்தக் கோடு நேரானது, கண்டிப்பாக எழுதுங்கள். அதற்கு மேல், ஜூனில் நடந்த மிட்வே கடற்போர் வரை, நீட்டாதீர்கள். ஒவ்வொரு கண்ணியிலும் உறுதித்தன்மை பாதியாகக் குறைகிறது, மூன்றாவது கண்ணியில் நீங்கள் சொல்வதும் வேறு யாரும் சொல்வதும் ஒன்றுதான்.

பக்கவாட்டில் இன்னொரு பொறி: ஏப்ரல் 6இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்த குண்டுகள். கொழும்பில் நகுமோவுக்கு அடி விழுந்தால் இவை விழாது என்று எழுதுகிறார்கள். வங்கக் கடலில் அதைச் செய்தது ஓசாவா என்ற இன்னொரு ஜப்பானியத் தளபதியின் தனிப் படை, அதற்கு ர்யூஜோ என்ற வேறு கப்பல். அது வரத்தான் செய்யும். அந்த ஏப்ரலில் சென்னையை விட்டு மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறியவர்களும் ஏறத்தான் செய்வார்கள், கொழும்பின் ரேடார் அவர்கள் பயத்தைத் தொடாது.

11. கடைசியில்தான் கதை

இவ்வளவும் முடிந்த பிறகு எழுத உட்காருங்கள். யார் கண்ணால் பார்ப்பது என்று முடிவு செய்யும்போது விமானியை எடுக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் மாற்றம் நடந்தது ரேடார் கருவியின் முன், முதல் பாதியை அங்கேயே வையுங்கள்: திரையில் ஒரு புள்ளி, தொலைபேசி, மறுமுனையில் யாரும் எடுக்காத சில நொடிகள்.

உண்மையில் அன்று இறந்த விமானிகளைப் பெயர் சொல்லிப் பிழைக்க வைக்காதீர்கள், பிழைத்தவரைப் பெயர் சொல்லிக் கொல்லவும் வேண்டாம். அவர்களுக்கு வீடு இருந்தது, இன்றும் பேரப்பிள்ளைகள் இருக்கலாம். கற்பனைப் பெயர்களை வையுங்கள், ஸ்குவாட்ரன் எண்ணை மட்டும் உண்மையாக விடுங்கள். எழுதி முடித்ததும், இந்தப் போரைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் உங்கள் நேரப் பத்தியை மட்டும் கொடுத்து, எந்த வரியில் கதை வரலாற்றை விட்டுப் பிரிகிறது என்று கேளுங்கள். ஒரு வரியைக் காட்டினால் சரி. இரண்டைக் காட்டினால் ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.